சென்னை விமான நிலையத்திற்குப் பஸ்ஸில் செல்வது எப்படி?

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் கொம்யூன் விவசாயிகள் கவனத்திற்கு: பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு வழியனுப்ப வாடகைக் கார் வைத்தால், உரத்திற்கு வைத்த பணம் கரைந்துவிடும். லாசுப்பேட்டையில் ஓடுபாதை நீளம் குறைவு. சிறு விமானங்களே இறங்கும். ஆகவே சென்னைக்குத்தான் போகவேண்டும். பஸ்ஸிலேயே போகலாம்; ஆனால் வழி தெரிந்து ஏறவேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ் விமான நிலையம் பக்கம் போகாது. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் செல்லும் பஸ்ஸே ஏற்றது. ஆனால் 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பின், இவ்வழி அரசு பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பழைய நினைப்பில் நேரம் கணக்கிட்டால் விமானம் தவறும்.

கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் மாநகர பஸ் ஏறி, விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கவும். அல்லது தாம்பரம் சென்று மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கவும். விமான நிலையம் எதிரிலேயே உள்ளது.

வெளிநாட்டு விமானத்திற்கு 3 மணி நேரம் முன்னதாகவே அங்கிருக்க வேண்டும். வண்டி மாற மேலும் ஒரு மணி நேரம் ஒதுக்கவும். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மின்சார ரயில் ஓடாது. அதிகாலை விமானமானால் முன்னிரவே போய்ச் சேர்வது நலம்.