‘பல்கலைக்கழகம் நஷ்டப்பட்டது’: ஓர் ஆகுபெயரின் கணக்கு

1

‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரல்ல, ஊரிலுள்ளவர்கள் என்று இடவாகுபெயருக்கு உதாரணம் சொல்லித் தருவார்கள். ‘கனெக்டிகட் பல்கலைக்கழகம் நஷ்டப்பட்டது’ என்பதும் அப்படியொரு வாக்கியம்தான். ஊர் சிரிக்கும்போது யார் யார் சிரித்தார்கள் என்று கேட்காமல் விட்டுவிடலாம். பல்கலைக்கழகம் நஷ்டப்படும்போது அப்படி விடமுடியாது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ‘பௌல்’ ஆட்டங்கள் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று அங்கே பல வருஷங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுப்படியாகும் என்பவர்களும் ஆகாது என்பவர்களும் பெரும்பாலும் இந்த ஆகுபெயரை விரித்துப் பார்க்காமலே கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல இது. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஒருவர்மேல் ஒருவர் மோதி முன்னேறுகிற ஆட்டம். பருவம் முடிந்தபின் டிசம்பர், ஜனவரியில் வேறோர் ஊருக்குப்போய் ஆடுகிற கூடுதல் ஆட்டமே பௌல். முதல் ஆட்டத்தை 1902 புத்தாண்டு தினத்தில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரோஜா விழாக் குழுவினர் நடத்தினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது மியாமி, நியூ ஆர்லியன்ஸ், எல் பாஸோ, டாலஸ் என்று வெயிலுள்ள ஊர்கள் ஆளுக்கொன்று தொடங்கின. பனிக்காலத்தில் வெளியூர்க்காரர்களை வரவழைத்து ஓட்டல்களை நிரப்பவேண்டும். அதற்கு இரண்டு கல்லூரிகள் வந்து ஆடவேண்டும். பிறப்பிலேயே இது ஊர் வியாபாரிகளின் ஏற்பாடு, கல்லூரிகள் விருந்தாளிகள். ஆனால் விருந்தாளிதான் பணம் கொடுக்கவேண்டும்.

2

எப்படி? பௌல் அமைப்பு தருகிற தொகை நேராக ஆடிய கல்லூரிக்கு வருவதில்லை. அது ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புக்குப் போய், மற்ற கூட்டமைப்பு அணிகள் சம்பாதித்த பௌல் தொகைகளோடு சேர்ந்து, எல்லா உறுப்பினர்களுக்கும் பங்கு பிரிக்கப்படும். ஆடாத கல்லூரிக்கும் பங்குண்டு, செலவு கிடையாது. ஆடப்போகிற கல்லூரிக்குச் செலவுக்கென்று ஒரு தொகை தருவார்கள். அதற்குள் அணி, பயிற்சியாளர்கள், வாத்தியக்குழு, உற்சாகமூட்டும் பெண்கள், அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள் எல்லோரும் போய் நாள்கணக்கில் தங்கிவரவேண்டும். இதற்குமேல் ஆயிரக்கணக்கான டிக்கட்டுகளை முழு விலைக்கு வாங்கியாகவேண்டும் என்ற ஒப்பந்தம். விற்காவிட்டால் அது கல்லூரியின் தலையில்.

2011 ஜனவரி 1இல் அரிஸோனாவில் நடந்த ஃபியஸ்டா பௌலுக்குப்போன கனெக்டிகட் 17,500 டிக்கட்டுகளுக்குப் பொறுப்பேற்றது. ஐயாயிரம்கூட விற்கவில்லை. அதே மைதானத்துக்கு இணையச் சந்தையில் மலிவாக டிக்கட் கிடைக்கும்போது ரசிகர் எதற்குக் கல்லூரியிடம் வாங்குவார்? முடிவில் 16 லட்சம் டாலருக்குமேல் துண்டு விழுந்தது. ஆட்டத்திலும் ஓக்லஹோமாவிடம் 48–20 என்று தோல்வி. பயிற்சியாளர் அணியோடு ஊர் திரும்பக்கூட இல்லை, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் புதுவேலைக்குப் போய்விட்டார்.

3

அப்படியானால் சிரித்தது யார்? அந்த வருஷமே பதில் கிடைத்தது. ஃபியஸ்டா பௌல் ‘லாப நோக்கற்ற’, வரிவிலக்குப் பெற்ற அமைப்பு. 2011 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கை, ஊழியர்களை அரசியல்வாதிகளுக்கு நன்கொடை தரவைத்து, பின்பு அமைப்பின் பணத்திலிருந்தே ஈடுகட்டியதை அம்பலமாக்கியது. தலைமை நிர்வாகி ஜான் ஜங்கரின் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு 33,000 டாலர் செலவாகியிருந்தது. அவர் பதவியிழந்தார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014இல் சிறைத்தண்டனை பெற்றார்.

இதை ஒரு தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக வாசித்து முடித்துவிடுவது சுலபம். சட்டத்துக்கு உட்பட்ட வழிகளிலேயே பணம் ஒழுகுவதைத்தான் நாம் கவனிக்கவேண்டும். பௌலுக்குத் தகுதிபெற்றாலே பல பயிற்சியாளர்களுக்கு ஒப்பந்தப்படி போனஸ் உண்டு. கல்லூரி நஷ்டப்பட்டாலும் அது நிற்காது. இஎஸ்பிஎன் தொலைக்காட்சி பத்துக்கும் மேற்பட்ட பௌல்களைத் தானே சொந்தமாக நடத்துகிறது. காலி இருக்கை அதற்கு ஒரு பொருட்டில்லை. விடுமுறை நாட்களின் ஒளிபரப்பு நேரத்தை நிரப்ப ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான். 2015–16 பருவத்தில் பௌல்கள் 40 ஆகி, 80 அணிகள் தேவைப்பட்டு, ஆள் போதாமல் ஐந்து வெற்றி ஏழு தோல்வி பெற்ற மூன்று அணிகளையும் கூப்பிட்டார்கள்.

4

இங்கே ‘விளம்பரம்’ என்கிற வாதம் வரும். கல்லூரியின் பெயர் நாடு முழுக்கத் தெரியும், விண்ணப்பங்கள் கூடும், பழைய மாணவர் நன்கொடை தருவார்கள். பியர் பூர்தியூவின் மொழியில் சொன்னால், பணம் குறியீட்டு மூலதனமாகி மறுபடி பணமாகும். இது முழுப்பொய் அல்ல. 1984இல் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி கடைசி வினாடியில் எறிந்த பந்துக்குப்பின் இந்த விளைவுக்கே ‘ஃப்ளூட்டி விளைவு’ என்று பெயர் வந்தது. ஆனால் அது ஒரு பெருவெற்றியின் விளைவு. ஒவ்வொரு பௌலிலும் ஓர் அணி தோற்றே ஆகவேண்டும். பாதி காலியான மைதானத்தில் ஆடப்படும் ஆட்டத்தில் தோற்கிற கல்லூரிக்கு என்ன மூலதனம் சேரும்? ‘முதலீடு’ என்கிற சொல் இந்த நஷ்டத்துக்கு ஒரு எதிர்காலத்தை வாங்கித்தருகிறது. பிறகு யாரும் வந்து அந்த எதிர்காலத்தைச் சரிபார்ப்பதில்லை.

செலவை ஏற்பது யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. தன் வரவில் தானே நிற்கிற விளையாட்டுத்துறைகள் மிகச் சில. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் மற்றவற்றின் பள்ளத்தை நிரப்புவது பல்கலைக்கழகப் பொதுநிதியும், ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத மாணவரும் கட்டவேண்டிய கட்டணமும். இன்னொரு செலவு உடம்பு. 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பௌலில் நோத்ர டேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. தொழில்முறை ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே தேர்வாகவேண்டியவர் பின்தள்ளப்பட்டார். பௌல் அமைப்பு ஆட்டக்காரருக்குத் தரக்கூடிய பரிசுப்பொருளின் உச்சவரம்பு அப்போது 550 டாலர்.

5

நிலைமை மாறியிருக்கிறது. அதே 2016 டிசம்பரில் லெனார்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் தங்கள் அணிகளின் பௌலில் ஆட மறுத்தார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். உச்சியில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: பன்னிரண்டு அணிகள் ஆடும் சாம்பியன்ஷிப் தொடருக்கு, 2026 பருவம் முதல் ஆறு வருஷங்களுக்கு 780 கோடி டாலர் தர இஎஸ்பிஎன் ஒப்பந்தம் போட்டது. அங்கே லாபம் உண்டு. அந்தத் தொடருக்கு வெளியே நிற்கிற பௌல்களைப் பற்றித்தான் கேள்வி.

2025 டிசம்பரில் அயோவா ஸ்டேட், கான்சாஸ் ஸ்டேட் இரண்டும் பயிற்சியாளர் மாறுகிற நேரத்தில் பௌல் வேண்டாம் என்றன. அவை சேர்ந்த கூட்டமைப்பு ஆளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கௌரவம் என்று இத்தனை காலம் சொல்லிவந்த ஒன்றை வேண்டாமென்று சொல்வதற்கு இப்படியொரு விலை! லாபமா நஷ்டமா என்ற கேள்வியை ஒரு கல்லூரி தானே கேட்டுத் தானே முடிவெடுக்கும் சுதந்திரத்தில் இல்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். ‘பல்கலைக்கழகம்’ என்ற ஆகுபெயரை விரித்தால் போனஸ் வாங்குகிற பயிற்சியாளர், ஒளிபரப்புகிற நிறுவனம், பங்கு பிரிக்கிற கூட்டமைப்பு, கால் ஒடிகிற பையன், கட்டணம் கட்டுகிற மாணவி எல்லோரும் தனித்தனியாக நிற்பார்கள். கணக்கைப் போடவேண்டியது இவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும்தான். இவர்களில் அந்த மாணவியிடம் மட்டும் பௌலுக்குப் போகலாமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.