தமிழ் நூற்பட்டியல் பதிவுகளின் உருமாற்றம்: நடைத்தாளை இயக்க நேரத்தில் தேர்ந்தெடுத்தல்

தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் தமிழாய்வுக்குரிய நூற்சேகரங்கள் பல அமைந்துள்ளன. 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெரும்பாக்கத்திலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய நூலகங்களின் பட்டியல்களையும் அயல்நாட்டு நூலகங்களின் தமிழ்ப் பட்டியல்களையும் ஒரே தேடலில் இணைக்க முற்படின் எழும் நுட்பச் சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலகங்களில் பரவலாக வழங்கும் மார்க் 21 அமைப்பில் நூலின் தலைப்பு 245ஆம் புலத்தில் அமையும். அமெரிக்க நூலக மரபில் அப்புலம் ரோமன் ஒலிபெயர்ப்பைக் கொண்டிருக்கும். தமிழெழுத்து வடிவம் 880ஆம் புலத்தில் இடம்பெறும். ஆறாம் எண்ணிட்ட துணைப்புலம் இவ்விரண்டையும் பிணைக்கும். வேறு நூலகங்கள் தமிழெழுத்தை நேரடியாக 245இலேயே பதிவதும் உண்டு. எக்ஸ்எம்எல் வடிவில் வரும் இப்பதிவுகளை டப்ளின் கோர் போன்ற எளிய வடிவிற்கு மாற்றும் விதிகளின் தொகுப்பே எக்ஸ்எஸ்எல்டி நடைத்தாள். 245ஐ மட்டும் படிக்கும் நடைத்தாளிடம் முதல்வகைப் பதிவு சென்றால் தமிழ்த் தலைப்பு விடுபட்டுப்போகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தமிழில் தேடும் ஆய்வாளரைப் பொறுத்தவரை அந்நூல் அங்கு இல்லை.

எல்லா மரபுகளையும் ஒரே நடைத்தாளில் நிபந்தனைகளாக அடுக்கலாம். ஆனால் புதிய நூலகம் ஒன்று சேரும்போதெல்லாம் முழுத்தாளையும் திருத்திச் சோதிக்க நேரும். நடைத்தாளுக்குள்ளிருந்தே வேறொரு தாளைச் சூழலுக்கேற்ப அழைப்பதும் எளிதன்று. உள்ளிணைப்புக் கட்டளையின் முகவரி தொகுப்பு நேரத்திலேயே நிலைபெற்றுவிடும். பதிவின் உள்ளடக்கத்தைக் கண்டு அது மாறாது. எனவே தேர்வு நடைத்தாளுக்கு வெளியே நிகழ வேண்டும்.

அப்பாச்சி கேமல் எனும் திறந்தமூல ஒருங்கிணைப்புச் சட்டகம் இதற்கு இடமளிக்கிறது. அதன் வழித்தடத்தில் செல்லும் ஒவ்வொரு செய்திக்கும் தலைப்புக்குறிப்புகள் உண்டு. பதிவு எந்த நூலகத்திலிருந்து வந்தது என்பதை அதில் குறித்து, நடைத்தாளின் முகவரியைச் செய்திதோறும் கணக்கிடும் இயங்குநிலை முகவரி வசதியால் உரிய தாளை ஏற்றலாம். ஏற்றப்பட்ட தாள் இயல்பாகவே நினைவகத்தில் தக்கவைக்கப்படும். இத்தக்கவைப்பை நிறுத்தினால் ஒவ்வொரு செய்திக்கும் தாள் மீண்டும் படிக்கப்படும். விதிகளை எழுதிச் சோதிக்கும் காலத்தில் இது உதவும். பல்லாயிரம் பதிவுகளை மாற்றும்போது வீண்சுமை.

வெளியிலிருந்து வரும் குறிப்பை அப்படியே முகவரியாக்குதல் ஆபத்தானது. நடைத்தாள் வெறும் அழகூட்டும் தாளன்று. பிற கோப்புகளைப் படிக்கவல்ல நிரல். ஆகவே நூலகப் பெயருக்கும் நடைத்தாளுக்கும் உள்ள உறவை வழித்தட உரிமையாளரே ஒரு மூடிய அட்டவணையில் வரையறுத்தல் வேண்டும். அட்டவணையில் இல்லாத மூலத்திலிருந்து வரும் பதிவுக்குப் பொதுத்தாள் ஒன்றைப் பொருத்திவிடுவது வசதியாகத் தோன்றும். எனினும் தமிழ்த் தலைப்பு ஓசையின்றி மறையும் பழைய நிலைக்கே அது இட்டுச்செல்லும். அத்தகைய பதிவைத் தனி வரிசையில் நிறுத்தி, நூலகர் ஒருவர் 880ஆம் புலத்தைப் பார்த்த பின்னரே விடுவித்தல் நன்று. மூல எக்ஸ்எம்எல் பதிவையும் அழிக்காமல் வைத்தல் வேண்டும்; நடைத்தாள் பின்னர் திருத்தப்படின், விடுபட்ட தலைப்பை மீட்க அதுவே ஆதாரம்.