பாயின்ட் கொடுத்தா ஹாட் பாக்ஸ்... கல்லாவே இல்லாத கவுன்ட்டரும் கடைதானா?

காரைக்கால் பாரதியார் சாலையில ஒரு ஷோரூமை நினைச்சுக்கோங்க. மாடியில 'கிஃப்ட் கவுன்ட்டர்'னு போர்டு. உள்ளே கல்லாப்பெட்டி இல்லை, விலை ஸ்டிக்கர் இல்லை. போன்ல சேர்ந்திருக்கிற 500 பாயின்ட்டைக் காட்டினா ஒரு ஹாட் பாக்ஸை எடுத்து நீட்டுவாங்க. காசே கைமாறாத இந்த இடம் கடையா, இல்லையா?

உங்க பாயின்ட் ஆப்புக்குக் கொள்ளுத்தாத்தா ஒருத்தர் உண்டு: ஸ்டாம்ப். அமெரிக்காவில் எஸ் அண்ட் எச் நிறுவனம் 1896-ல் இதைத் தொடங்கியது. மளிகை வாங்கினால் ஸ்டாம்ப் தருவார்கள். புத்தகத்தில் ஒட்டி நிரப்பி, தனி மையத்தில் கொடுத்தால் வீட்டுப் பொருள் கிடைக்கும். பிரிட்டனில் 1958-ல் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப் வந்தது. 1964-ல் ஸ்டாம்ப்புக்கென்றே சட்டம் போட்டார்கள். 1973-ல் அந்த நிறுவனம் தன் பரிசு மையங்களுக்கு ஆர்கோஸ் என்று பெயர் மாற்றி, ஸ்டாம்ப்புக்குப் பதில் காசு வாங்க ஆரம்பித்தது. நேற்று வரை பரிசு மையம், இன்னைக்குக் கடை!

நம்ம ஜி.எஸ்.டி சட்டம் 'கடையா?' என்று கேட்பதில்லை, 'தொழில் நடக்கும் இடமா?' என்றுதான் கேட்கிறது. சரக்கை வைத்திருக்கும் குடோன், சரக்கைக் கொடுக்கும் இடம், வாங்கும் இடம் எல்லாமே அதில் அடங்கும். கல்லா இருக்கணும்னு எங்கேயும் சொல்லலை. அப்போ நம்ம ஹாட் பாக்ஸ் கவுன்ட்டரும் உள்ளேதான்.

காரைக்காலில் இன்னொரு சிக்கல். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தாலே மாநிலம் மாறிடும் இல்லையா? புதுச்சேரிக்கு 2017-லிருந்து தனி ஜி.எஸ்.டி சட்டம். தமிழ்நாட்டுப் பதிவு எண் 33-ல் தொடங்கும், இங்கே 34. நாகப்பட்டினத்துக் கடை காரைக்காலில் கவுன்ட்டர் போட்டு, பில் போட்டுப் பொருள் கொடுத்தால், 33 செல்லாது; தனியாகப் பதியணும். சரக்கு விற்கும் சின்ன வியாபாரிக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. காரைக்காலில் 20 லட்சம்தான். ஒரே டெல்டா, பாதி வரம்பு!

சும்மா கொடுக்கிற பரிசுக்கு வரி இல்லை. ஆனால் அதை வாங்கியபோது கட்டிய வரியைக் கடை கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் செலவு எங்கே போய் ஏறும்னு நான் சொல்லணுமா என்ன?

காசு கொடுத்து வாங்கும் கிஃப்ட் கார்டு வேற கதை. கார்டை விற்கும்போதே வரியா, பொருள் கொடுக்கும்போதா? கல்யாண் ஜுவல்லர்ஸ் வழக்கு இதற்காகவே சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கார்டு கொடுப்பது தனி விற்பனை ஆகாது என்று 2023 நவம்பரில் தீர்ப்பு. 2024 டிசம்பர் 31-ல் மத்திய வரி வாரியமும் சுற்றறிக்கையில் அதையே சொன்னது. குழப்பம் கொடுத்த பிரிவுகளை 2025 நிதிச் சட்டம் நீக்கியது. ஆக, கார்டு வாங்கும்போது அதன் முகமதிப்புக்கு மேல யாராவது ஜி.எஸ்.டி கேட்டா, எதுக்குன்னு கேளுங்க.

நகைக் கடையில் பில்லையும் ஒருமுறை பாருங்க. 10,000 ரூபாய் நகைக்கு 2,000 ரூபாய் கிஃப்ட் கார்டு கொடுத்தால், அது காசு மாதிரி. 3% வரி முழு 10,000-க்கும்: 300 ரூபாய். அதே 2,000 தள்ளுபடியாக பில்லிலேயே கழிந்திருந்தால், வரி 8,000-க்கு மட்டும்: 240 ரூபாய். அறுபது ரூபாய் சின்னதுதான், ஆனா உங்க ரூபாய். ஓசியில் வந்த தள்ளுபடி கூப்பனைக் கழிச்ச பிறகும் முழு விலைக்கு வரி போட்டிருந்தா, கவுன்ட்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

பயன்படுத்தாமல் காலாவதியான கார்டுக்கு வரி கிடையாதுன்னும் அந்தச் சுற்றறிக்கை சொல்லுது. பணம் கடைக்கு, அரசுக்கு ஒண்ணுமில்லை, உங்களுக்கும் ஒண்ணுமில்லை. போன வருஷ பிறந்தநாளுக்கு வந்த கார்டு மெயில்ல தூங்குதா? தேதியைப் பாருங்க.