ஒரு கைலிக்குப் பதினோரு கிலோமீட்டர் நூல்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர்; மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. 2017 பிப்ரவரியில் வந்த விலை இது. சீட்டுக்கு 2 டாலர் காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. 2019இல் சுமார் 22 லட்சம் பேர் வந்தார்கள், வசூல் ஏறக்குறைய 9.9 கோடி டாலர். இதெல்லாம் கல்லைப் பார்க்கிற கட்டணம். கெமர் குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடுவதற்குக் கணக்கு வேறு. கார்டமம் மலையடிவாரத்தில் சீ ஃபாட் என்ற ஊர் 2007இல் விருந்தாளிகளுக்கு வீட்டைத் திறந்தது. அங்கே வருமானத்தில் 80 விழுக்காடு உழைத்தவருக்கு, 20 விழுக்காடு ஊர்ப் பொதுநிதிக்கு.

இந்த 80க்கு 20ஐ ஆர்.கே.பேட்டைத் தறி வீடு ஒன்றில் போட்டுப் பார்ப்போம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் 365 படி ஏறும் கூட்டம் இறங்கியதும் ரயிலையோ பேருந்தையோ பிடித்துவிடுகிறது. மேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று நெசவு ஊர்கள். 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு சேர்ந்த பகுதி. பல வீடுகளில் அடுப்படியில் தெலுங்கு, தெருவில் தமிழ்.

கைலி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நீளம் 2 மீட்டர், அகலம் 1.25 மீட்டர், அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 56. அப்படியானால் பாவில் 2,952 இழை, மொத்தம் 5.9 கிலோமீட்டர். ஊடை 4,409 ஓட்டம், 5.5 கிலோமீட்டர். கழிவு சேர்க்காமலே 11.4 கிலோமீட்டர் நூல். 40ஆம் நம்பர் நூலென்றால் எடை 170 கிராம்கூட வராது. இரண்டு கைலியைப் பிரித்து நீட்டினால் திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்கு ஏறக்குறைய வந்து சேர்ந்துவிடும்!

நிமிடத்துக்கு 120 ஓட்டம் ஓடும் விசைத்தறிக்கு இது 37 நிமிட வேலை. 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது. கைத்தறிக்கு 200லிருந்து 300. அரைக் குதிரைத்திறன் மோட்டார் போட்ட நான்கு தறியைத் தினம் 11 மணி நேரம் ஓட்ட அந்த 1,000 போதும். ஆனால் விசைத்தறியில் விருந்தாளி வேடிக்கைதான் பார்க்க முடியும்; இழை அறுந்தால் முடிச்சுப் போடக்கூட விடமாட்டார்கள். அதுதான் சரியும்கூட.

ஆகவே குழித்தறி. கைப்பழக்கமுள்ளவர் நிமிடத்துக்கு 40 ஓட்டம் போட்டால் கைலி ஒன்றுக்கு 110 நிமிடம். எட்டு மணி நேரத்தில் நான்கு கைலி. புதியவர் 10 ஓட்டம் போட்டாலே பெரிது. அவருக்கு 7 மணி 20 நிமிடம். விருந்தாளி ஒரு கைலி முடிப்பதற்குள் வீட்டுக்காரருக்கு மூன்று கைலிக் கூலி போயிருக்கும். முடித்த அந்த ஒன்றும் கரை கோணி, ஓட்டம் விட்டு, கடைக்கு ஆகாது.

“உள்ளூர் வாழ்க்கையை அனுபவியுங்கள்” என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் விலை போடுவார்கள், நின்றுபோன தறிக்குப் போடமாட்டார்கள். தார் சுற்றும் பாட்டியின் கை கூலிக் கணக்கிலேயே ஏறுவதில்லை, அந்த 5.5 கிலோமீட்டர் ஊடையும் அவர் சுற்றியதுதான்.

கட்டணத்தின் அடித்தளம் இதிலிருந்து வரவேண்டும்: மூன்று கைலிக் கூலி, பழுதான கைலியின் முழு விலை, தார் சுற்றியவருக்குத் தனிக் கூலி, இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவு. இவற்றுக்கு மேல் மிஞ்சுவதைத்தான் சீ ஃபாட் கணக்கில் பிரிக்கலாம்: 500 ரூபாய் மிஞ்சினால் வீட்டுக்கு 400, தெருவுக்கு 100. மாதம் நான்கு விருந்தாளிக்கு மேல் ஒரு தறி தாங்காது. 25 வேலை நாளில் நான்கு நாள், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அவர்களுக்கே போய்விடும்.