வைகாசியைத் தாங்கும் புழக்கடை

திருவண்ணாமலை பாறையின் மேல் அமர்ந்த ஊர். வேங்கிக்கால், அத்தியந்தல், அடிஅண்ணாமலை என நகரின் ஓரங்களில் மனை பிரித்துக் கட்டிய வீடுகளின் பின்புறம் மெல்லிய செம்மண் இருக்கும். கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. பல மனைகளில் அந்தச் செம்மண்ணும் கட்டட இடிபாட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. அதனால் ஐப்பசியில் மேலேறி நிற்கும் கிணற்று நீர் வைகாசியில் அடியைத் தொடும். மார்கழியில் எந்தப் புழக்கடையும் பச்சையாகத்தான் தெரியும். வைகாசியில் அங்கே பறித்துச் சமைக்க என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் இந்த ஊரில் தோட்டம் போட வேண்டும்.

மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் பெய்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரு பருவக்காற்றுகளும் பங்களிக்கின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஓராண்டில் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. வழியில் வீணாவது போக 80,000 லிட்டராவது பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் உறிஞ்சுகுழியில் விட்ட நீர் பாறை வெடிப்பு வழியே எங்கோ போய்விடலாம். சம்ப்பில் சேர்த்த நீர் வீட்டோடு இருக்கும். கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 20 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு மூன்று மாதத்துக்கு 9000 லிட்டர் போதும். பத்தாயிரம் லிட்டர் சம்ப் உள்ள வீட்டுக்குத் தோட்டத்துக்கென்று ஆழ்துளைக் கிணறு தேவையில்லை. அரிசி, காய் கழுவிய நீர் பாத்திக்குப் போகலாம். சோப்பு கலந்த நீருக்கு வாழையும் கல்வாழையும் உண்டு.

மண்ணைத் திருத்துவதற்கு நாளாகும். குறுக்கு வழி இல்லை. இடிபாட்டை வாரி எடுத்து, காய்ந்த இலை, மட்கிய சாணம், சமையலறைக் கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு மேட்டுப்பாத்தி கட்டுவது நல்லது. இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகச் சென்று வற்புறுத்தியவற்றுள் மூடாக்கும் ஒன்று. சருகாலோ வைக்கோலாலோ மூடிய மண்ணில் வெயில் நேரே படாது, ஈரம் எளிதில் போகாது, மண்புழு மேலே வரும். வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் தெருவெங்கும் உதிர்கிற ஊரில் அவற்றைக் கூட்டிக் கொளுத்துவது பெரிய இழப்பு. பசு வளர்ப்போர் அக்கம்பக்கத்தில் இருந்தால் ஜீவாமிர்தம் என்னும் நீர்ம உரம் தயாரிக்கலாம்: 20 லிட்டர் நீரில் ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், ஒரு பிடி மண். நிழலில் வைத்து அவ்வப்போது கலக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பாத்திக்கு விடலாம்.

மலைச்சரிவை ஒட்டிய மனைகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஊரின் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். தோட்டத்துக்காகக் கூடச் சரிவை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது. மரங்களை அப்படியே விட்டு, சரிவின் குறுக்கே தாழ்ந்த வரப்பு போட்டு, அதில் வெட்டிவேர் நடலாம்.

எதை நடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்து முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வாங்குவதைவிட, முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, சுண்டை, தவசிக்கீரை, பிரண்டை ஆகியவற்றை முதலில் ஊன்றுவது நலம். வேர் பிடித்துவிட்டால் இவை பெரும்பாலும் குறைந்த நீரில் கோடையைக் கடக்கும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதமே காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பல்லாண்டுச் செடிகளின் அரைநிழலில் பருவக் காய்கள் வரலாம். அவரை, வெண்டை, புடலை, பீர்க்கு ஆகியவற்றுக்கு ஆடிப்பட்டம். தக்காளியின் நாற்று அடைமழையில் அழுகும்; கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்தபின் நட்டால் தேறும். கத்தரியில் பக்கத்து வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரி புவிசார் குறியீடே பெற்றது. இந்தப் பக்கத்து வெயிலுக்குப் பழகிய ரகம்.

குரங்குகளைக் கணக்கில் எடுக்காத தோட்டம் இந்த ஊரில் நிலைக்காது. கிரிவலப் பாதையில் பக்தர்கள் கொடுக்கும் பழத்துக்கும் பிஸ்கட்டுக்கும் பழகிய குரங்குகள் வீடுகளுக்குள்ளும் வருகின்றன. மாவும் கொய்யாவும் பழுக்கும் வரை மிஞ்சுவது அரிது. விரட்டுவதைவிட அவை நாடாதவற்றை நடுவது புத்திசாலித்தனம்: சேனை, கருணை, சேம்பு, மஞ்சள், இஞ்சி, மிளகாய். சேனை, கருணை, சேம்பின் நமைச்சல் குரங்குக்கு ஆகாது. மிளகாய் தவிர மற்றவற்றின் விளைச்சலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. தக்காளி, வாழைக்குலை போன்றவற்றுக்கு வலைக்கூண்டு வேண்டும். முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும் பட்டையைத் தீப்பந்தத்தால் தடவுவது ஊர் வழக்கம். மரத்துக்கும் சுற்றியுள்ள உயிர்களுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலே மேல். 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, மாலையில் தெளித்தால் அசுவினியும் இளம்புழுவும் கட்டுப்படும்.

புழக்கடையில் அரிசி விளையாது. பருப்பும் எண்ணெயும் கடையிலிருந்துதான் வர வேண்டும். சிறுதானியத்துக்கு அருகிலேயே வழி இருக்கிறது. அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சிறுதானிய மகத்துவ மையம் சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றில் ஏ.டி.எல்.-1 ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இந்த மாவட்டத்துச் சாமையை வாங்கி உண்பதும் வீட்டுத் தோட்டத்தின் நோக்கத்தோடு சேர்ந்ததுதான். கீரையும் காயும் கிழங்குமே தோட்டத்தின் பங்கு. அதிலும் விதைக்கென்று நல்ல செடியில் முதல் காய்கள் சிலவற்றைப் பறிக்காமல் முற்ற விட வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. நாட்டு ரகத்தில் வரும். அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் விதை கலப்பது குறைவு. பூசணி, சுரை, பீர்க்குக்குப் பக்கத்து வீட்டு மகரந்தத்தைப் பூச்சிகளே கொண்டுவரும். பூசணி விதை தூய்மையாக வேண்டுமென்றால் மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலால் கட்டிவைத்து, காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, மீண்டும் கட்டிவிட வேண்டும்.