மோசெல் ஆற்றங்கரைத் திராட்சை

திராட்சைக் கொடி வெயிலை நாடும் இயல்புடையது. மது வடிப்பதற்குரிய திராட்சை, பூமியின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்ட நிலங்களிலேயே நன்கு விளையும் என்பது நெடுங்காலமாக நூல்கள் கூறிவரும் கணக்கு. இந்த எல்லையின் வடகோடியில், ஏறக்குறைய 50 பாகையிலேயே அமைந்திருக்கிறது ஜெர்மனி நாட்டின் மோசெல் பள்ளத்தாக்கு. அங்கே முன்பு திராட்சை பழுப்பதே அரிதாக இருந்தது. ஆயினும் அங்கு உண்டாகும் வெண்ணிற ஒயின், உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்நிலத்தின் குளிர் இப்பயிருக்குத் தடையாக இருந்ததா, துணையாக இருந்ததா? மதுவின் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. ஒரு பயிரும், நிலமும், மனித உழைப்பும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கின என்பதை அறிவதே நம் நோக்கம்.

மோசெல் ஆறு பிரான்சு நாட்டின் வோஜ் மலையில் தோன்றி, லக்சம்பர்க் நாட்டின் எல்லையை ஒட்டி ஓடி, ஜெர்மனிக்குள் புகுந்து, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. சார், ரூவர் என்பன அதன் துணையாறுகள். இக்கரைகளில் திராட்சைப் பயிரைப் பரப்பியவர் ரோமர். டிரியர் நகரம் அவர்கள் நிறுவியது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவுசோனியஸ் என்னும் லத்தீன் புலவர் இந்த ஆற்றைப் பற்றியே ஒரு நெடும்பாட்டு இயற்றினார். கரைச் சரிவுகளில் படர்ந்த கொடிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. நொய்மாகன் என்னும் ஊரில் 1878ஆம் ஆண்டில் கிடைத்த ரோமர் காலச் சிற்பம் ஒன்று, மதுப் பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் படகைக் காட்டுகிறது.

குளிர்நாட்டில் இப்பயிர் பிழைத்ததற்கு இயற்கை அளித்த துணைகள் மூன்று. முதலாவது மலைச்சரிவு. 50 பாகையில் உள்ள ஓரிடத்தில், செப்டம்பர் மாதம் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில், நண்பகல் ஞாயிறு அடிவானத்திலிருந்து 40 பாகை உயரமே எழும்பும். சமநிலத்தில் அதன் கதிர்கள் சாய்ந்து விழுந்து பரவிப் போகின்றன. தெற்கு நோக்கி 50 பாகை சாய்ந்த சரிவிலோ, அதே கதிர்கள் செங்குத்தாக விழுகின்றன. சமநிலத்தில் ஒரு சதுர அடி பெறும் ஒளியைப்போல் ஒன்றரை மடங்கு ஒளியை, அவ்வேளையில் சரிவின் ஒரு சதுர அடி பெறுகிறது. கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரெம் என்னும் ஊருக்கு அருகில் உள்ள கால்மோண்ட் மலையில் சரிவு சிலவிடங்களில் 60 பாகையையும் தாண்டுகிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் அதுவே என்பர்.

இரண்டாவது துணை கல். பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகையை நாம் அறிவோம். அந்த இனத்துக் கல்லே இம்மலைகளில் மண்ணாகக் கிடக்கிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டானது. கருநிறக் கல் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் அதனை மெல்லக் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மழைநீர் தேங்காமல் கல்லிடுக்கில் இறங்கிவிடுகிறது. வேரும் அவ்வழியே ஆழத்துக்குச் செல்கிறது. மூன்றாவது துணை ஆறு. நீர் விரைவில் சூடாவதுமில்லை, விரைவில் ஆறுவதுமில்லை. ஆதலால் கரையோரத்தில் உறைபனியின் கடுமை தணிகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சரிவை அடைகிறது.

இந்நிலத்துக்கு ஏற்ற கொடியாக வாய்த்தது ரீஸ்லிங் என்னும் வகை. ரைன் நாட்டின் ரூசல்ஸ்ஹைம் ஊரில் 1435ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கணக்கில் இதன் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. இதன் தண்டு கடுங்குளிரைத் தாங்கும். வசந்த காலத்தில் தாமதமாகத் தளிர்ப்பதால் உறைபனிக்கு ஓரளவு தப்பும். ஆயின் பழுப்பதும் தாமதமே. அந்தத் தாமதத்தில்தான் சுவையின் இரகசியம் அடங்கியிருக்கிறது. பழம் முதிரும்போது அதில் சர்க்கரை ஏறுகிறது, அமிலம் குறைகிறது. காயில் மிகுந்திருக்கும் மாலிக் அமிலத்தை அக்காயே தன் சுவாசத்தில் எரித்துவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் இவ்வெரிப்பும் மிகும். வெப்பநாடுகளில் சர்க்கரை விரைந்து ஏற, அமிலம் விரைந்து அழிகிறது. மோசெல் கரையின் குளிர்ந்த இலையுதிர்கால இரவுகளிலோ அமிலம் நிலைத்து நிற்கிறது. மணம் தரும் பொருள்கள் மெல்ல மெல்லச் சேர்கின்றன. இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் சுவை இவ்வாறு அமைந்தது. இங்கு எடுக்கப்படும் மென்மையான ஒயின்களில் சாராயத்தின் அளவு நூற்றுக்கு 8 பங்கு அளவிலேயே நிற்பதும் உண்டு. வெப்பநாட்டு ஒயின்களில் அது 13, 14 என உயரும்.

பழுத்த பழம் அரிதாக இருந்தமையால், பழுத்த நிலையை அளப்பதே அந்நாட்டில் தரத்தின் அளவுகோல் ஆயிற்று. பெர்டினாண்ட் ஊக்ஸ்லே என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை இன்றும் வழங்குகிறது. ஒரு லிட்டர் பழச்சாறு 1,080 கிராம் நிறையிருந்தால் அதன் அளவு 80 எனக் கொள்வர். மிகுதி நிறை பெரும்பாலும் சர்க்கரையே. 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் இந்த அளவைக் கொண்டே கபினெட், ஸ்பேட்லேசே, ஆஸ்லேசே எனப் படிகளை வகுத்தது. ‘ஸ்பேட்லேசே’ என்றால் ‘பின்னறுவடை’ என்று பொருள். ‘ஐஸ்வைன்’ எனப்படும் பனி ஒயின் இன்னும் வியப்பானது. பழங்களைக் கொடியிலேயே விட்டுவைத்து, பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகை குளிர் வந்ததும் பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிவர். நீர் பனிக்கட்டியாக நின்றுவிட, செறிந்த சாறு மட்டும் சொட்டும்.

இத்தகைய பயிரை வளர்ப்பது எளிதன்று. செங்குத்தான சரிவில் உழுபொறி ஏறாது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கொழுகொம்பு நட்டு, கவாத்து முதல் அறுவடை வரை எல்லாவற்றையும் கையாலேயே செய்தாக வேண்டும். மழையில் உருண்டுவரும் சிலேட்டுக் கற்களை மீண்டும் மேலே சுமந்து சென்றனர் முன்னோர். அவ்வளவு உழைத்தும், 1965, 1984 போன்ற ஆண்டுகளில் பழம் சரியாகப் பழுக்கவில்லை. வானம் பொய்த்ததோடு சந்தையும் பொய்த்த காலம் உண்டு. 1834ஆம் ஆண்டில் ஜெர்மானிய அரசுகள் சுங்க ஒன்றியம் அமைத்தபோது, தென்னாட்டு ஒயின்கள் தடையின்றி வந்து குவிந்தன. பிரஷ்ய ஆட்சியில் இருந்த மோசெல் உழவர் வறுமையுற்றனர். டிரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ் 1843ஆம் ஆண்டு ஜனவரியில் கொலோன் நகரச் செய்தித்தாளில் இவர்களுடைய துன்பத்தைப் பற்றி எழுதினார். பொருளாதார ஆராய்ச்சியில் தம்மைத் திருப்பிய செய்திகளுள் இதுவும் ஒன்று எனப் பின்னாளில் அவரே குறித்துள்ளார்.

இன்றோ நிலைமை மாறிவருகிறது. உலகம் வெப்பமடைவதால் மோசெல் கரையில் பழுக்காத ஆண்டு என்பதே அரிதாகிவிட்டது. அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் நடந்த அறுவடை இப்போது செப்டம்பரிலேயே தொடங்குகிறது. முதலில் இது நற்பேறாகவே தோன்றியது. ஆனால் அமிலம் முன்போல் நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டு விளைச்சலில் போதிய குளிர் வராமையால் ஜெர்மனி முழுவதிலும் பனி ஒயின் எடுக்க இயலவில்லை. இளவேனில் முன்னதாக வருவதால் கொடியும் முன்னதாகத் தளிர்க்கிறது. பின்னர் வரும் ஒரே இரவின் உறைபனி அத்தளிரைக் கருக்கிவிடுகிறது. 2024 ஏப்ரலில் சார், ரூவர் ஆற்றங்கரைகளில் இவ்வாறே பெருஞ்சேதம் நேர்ந்தது. குளிர் மிகுதி என்று முன்னோர் ஒதுக்கிய பக்கப் பள்ளத்தாக்குகளை இன்றைய உழவர் நாடுகின்றனர். பழத்துக்கு வெயில் படவேண்டுமென்று முன்பு இலைகளைக் கிள்ளியவர்கள், இப்போது நிழலுக்காக அவற்றை விட்டுவைக்கின்றனர்.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும்: குளிர் தடையாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது. பழுத்தும் பழுக்காமலும் நின்ற அந்த நுண்ணிய எல்லையே மோசெல் திராட்சைக்குத் தனிச்சுவை தந்தது. அந்த எல்லை இப்போது வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. உழைப்பாரும் குறைந்துவருகின்றனர். 1990களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த தோட்டங்கள் இன்று 9,000 ஹெக்டேருக்கும் குறைவு. கைவிடப்பட்ட சரிவுகளில் புதர் மண்டுகிறது. சுமை தூக்க ஒற்றைத் தண்டவாள வண்டிகள் வந்துள்ளன. ஆயினும் கவாத்துக் கத்தியைப் பிடிப்பது இன்னும் மனிதக் கையே. அந்தக் கைக்குத் தக்க கூலியை அவ்விளைச்சல் தருமாயின் சரிவுகள் நிலைக்கும்; இல்லையேல், ரோமர் நட்ட கொடிகள் ஆற்றங்கரைச் சமநிலத்துக்கு இறங்கிவிடும்.