ஜீப்புக்குக் கவசம் அடிக்கலாமா?

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றாலே ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பாவது கண்ணில் பட்டுவிடும். அழகர்கோயில் பக்கத்துத் தோப்பு வண்டி, நத்தத்துக்கு மாங்காய்க் கூடை ஏற்றப் போகும் வண்டி, கட்சிக்கொடி பறக்கும் ஓபன் ஜீப் என்று ஏதோ ஒன்று. தூரத்தில் பார்த்தால் பெயின்ட் மின்னும். கிட்டே போய் மட்கார்டின் உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். துரு செதில் செதிலாகக் கையோடு வரும்.

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வாரிசுகளான எம்.எம்.540, கமாண்டர், மேஜர் எல்லாம் தென் மாவட்டங்களில் இன்றும் ஓடுகின்றன. இன்ஜினைப் பிரித்து மேய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பழைய பாகங்களும் தேடினால் கிடைக்கும். வண்டியைக் கொல்வது பெரும்பாலும் தகரத்தில் பிடிக்கும் துருதான். அதனால்தான், ‘செலவு கையைக் கடிக்காமல், கல்லுக்கும் முள்ளுக்கும் தாங்குகிற மாதிரி என்ன அடிக்கலாம்?’ என்ற கேள்வி ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஓயாமல் சுற்றி வருகிறது.

எஃப்.சி. பெயின்ட்

நம் ஊரில் பழைய வண்டி பெயின்ட் கடைக்குப் போவது பெரும்பாலும் எஃப்.சி.க்கு முந்தைய வாரம்தான். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்த ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. கட்டணத்தையும் கட்டி, பிரேக், டயரையும் சரி செய்த பிறகு பெயின்ட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். துருவின் மேல் ஒரு கை பட்டி, அதன் மேல் ரெட் ஆக்சைடு, அதன் மேல் கலர் என்று இரண்டு நாளில் வேலை முடிகிறது. அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம் எழும்புகிறது.

இப்படிச் சலித்துப்போனவர்கள் இப்போது விசாரிப்பது ‘பெட்லைனர்’. அமெரிக்காவில் பிக்-அப் வண்டிகளின் சரக்குத் தொட்டி கீறாமல் இருப்பதற்காக வந்த பூச்சு இது. பாலியூரிதேன் பசையில் ஹார்டனர் கலந்து, அகல வாய் கொண்ட தனி துப்பாக்கியில் பீய்ச்சி அடிப்பார்கள். காய்ந்ததும் சொரசொரவென்று ரப்பரும் கல்லும் கலந்தாற்போல நிற்கும். பரவலாகப் புழங்கும் ‘ராப்டர்’ கிட்டில் மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு ஹார்டனர். காற்றழுத்தத்தைக் கூட்டினால் சொரசொரப்பு நைசாகும், குறைத்தால் முரடாகும். சாவியால் கீறினாலும் எளிதில் தடம் விழாது. சின்னச் சின்ன நெளிவுகளையும் மறைத்துவிடும்.

மறைத்துவிடும் என்பதுதான் அதன் பலம், அதுவேதான் வம்பு. அடியில் துரு இருக்க, மேலே பெட்லைனர் அடிப்பது சீழ் வைத்த புண்ணுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டுகிற கதை. இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு பெருகும். சாதா பெயின்ட் என்றால் உப்பிக் காட்டிக் கொடுத்துவிடும். தடித்த பூச்சு அப்படிக் காட்டாது. அடியில் தகரம் ஓட்டையான பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

மலையும் கடலும் தின்ற தகரம்

ஜீப் வாங்குபவர்கள் அது இதுவரை எங்கே ஓடியது என்று முதலில் விசாரிக்க வேண்டும். போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய வண்டிக்கு மலைமழையும் பனியும் சேறும் தினப்படி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வண்டிகளின் அடிப்பாகத்தில் கல் படாத இடமே இருக்காது.

தனுஷ்கோடி வண்டிகளின் கதை இன்னும் மோசம். முகுந்தராயர்சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதுவரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஜீப்பும் வேனும் ஈரமணலிலும் கடல் தண்ணீரிலும்தான் உருண்டன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சேஸின் பெட்டிப் பகுதிக்குள் போன உப்பு, வண்டி மதுரைக்கு வந்து வெயிலில் நின்றாலும் தின்றுகொண்டேதான் இருக்கும். மதுரையிலேயே வளர்ந்த வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் எதிரி வெயில். பானெட்டும் மட்கார்டின் மேல்பக்கமும் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி நிற்கும்.

சுரண்டலே பாதி வேலை

வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, பாடி நெடுக நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகரத்தை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைபரும் பட்டியும் அடைப்பதற்கு ஆகுமே தவிர, ஆள் ஏறி நிற்கத் தாங்காது.

அடுத்து பழைய பெயின்ட் எந்த ஜாதி என்று தெரிய வேண்டும். தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் கலர் இளகித் துணியில் ஏறுகிறதா? அப்படியானால் அது பழைய எனாமலோ, நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டோ. அதன் மேல் நேராக ஹார்டனர் போட்ட பெயின்ட் அடித்தால், காரமான தின்னர் அடிப்பூச்சைத் தின்று தோல் சுருங்குகிற மாதிரி எழுப்பிவிடும். இரும்பு தெரிய எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது காய்ந்த தூள் பறக்காமல் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டு பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய வண்டியில் எந்தக் காலத்துப் பெயின்ட் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இரும்பு வெளுத்த பிறகு எபாக்ஸி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடைவிட விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் அது கெட்டி. வெயில் மட்டும் அதற்கு ஆகாது. பிரைமர் அடித்த வண்டியை மாதக்கணக்கில் மொட்டை வெயிலில் விட்டால் பொடி உதிரும். டின்னில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மேல்கோட்டு விழ வேண்டும். தவறினால் மறுபடி தேய்த்துத்தான் அடிக்க வேண்டும்.

எங்கே எதை அடிப்பது?

முழு வண்டிக்கும் பெட்லைனர் அடிப்பது ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும். உழைக்கிற ஜீப்புக்கு அது தேவையில்லை. சொரசொரப்பில் சேறு அப்பிக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். நாளைக்கு ஓர் இடி வாங்கினால், டிங்கர் கை வைப்பதற்கு முன் அந்தத் தடித்த பூச்சை கிரைண்டரால் எடுக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தைப் பிரித்துப் போடுவதே புத்திசாலித்தனம். தொட்டியின் உள்தரை, சக்கர வளைவின் உள்பக்கம், ஃபுட்போர்டு ஆகியவை காலும் கல்லும் படும் இடங்கள். பெட்லைனர் இங்கே மட்டும் போதும். தரையில் தண்ணீர் வடியும் துளைகளை அடிப்பதற்கு முன் அடைப்பானால் மூடி, பிறகு திறந்துவிட வேண்டும். துளை அடைபட்டால் அடித்ததே வீண்.

வெளிப்பக்கத்துக்குச் சாதாரண சிந்தெடிக் எனாமலே போதும். பளபளப்பு சில வருடத்தில் மங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முள் கீறினால் அதே டின்னைத் திறந்து பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். முதல் கோட்டு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அவசரப்பட்டு அடுத்த கோட்டை ஏற்றினால் சுருக்கம் விழும். உள்தரைக்கு வாங்கும் பெட்லைனரிலும், கூரையில்லாத ஜீப் என்றால், வெயில் தாங்கும் வகைதானா என்று டின்னைப் பார்த்து வாங்குங்கள். மலிவு வகை சீக்கிரம் வெளுக்கும்.

இன்னொன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்: அடிப்பவரின் நுரையீரல். பாலியூரிதேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரலாம். முகத்தில் கட்டும் கர்ச்சீப் அந்த ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லாத கடையில் இந்தப் பூச்சை அடிக்கச் சொல்லாதீர்கள்.

எந்த மாதம், எந்த நிறம்?

அக்னி நட்சத்திர வெயிலில் அடித்தால், துப்பாக்கியிலிருந்து கிளம்பும் துளி தகரத்தைத் தொடும் முன்பே காய்ந்து மணல் மாதிரி விழும். ஆடியில் காற்று, புழுதியை ஈரப் பெயின்ட்டில் கொண்டுவந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். மதுரைக்குத் தோதான காலம் தை, மாசி. பனி விலகி, தகரம் சுடுவதற்கு முன்னால் இருக்கிற காலைப்பொழுது.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜீப் என்றாலே மிலிட்டரி பச்சைதான் பலருக்கும் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி, ராணுவத்துக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. வேறு நிறத்துக்கு மாறுவதென்றாலும் ஆர்.சி.யில் பதிவான நிறத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றியாக வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். மதுரைப் பதிவெண்களான டி.என்.58, 59, 64 எதுவானாலும் இதுதான் நிலை. அலைச்சல் வேண்டாம் என்றால் பழைய நிறத்தையே அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. பெயின்ட் கடையில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே தொகையை மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள். இரண்டாவது தவணை, இரும்பு வெளுத்த வண்டியை நீங்கள் நேரில் பார்த்த அன்று. பிரைமர் விழுவதற்கு முன் அந்த ஒரு நாள் கடைக்குப் போய், குனிந்து அடிப்பாகத்தையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கலர் அடித்த பிறகு போய்ப் பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.